பெல்ட் மாற்றியும் கேசட் டெக்கில் பாட்டு ஆடுகிறது: யோசனை சொல்லுங்கள்

பழைய கேசட் டெக் ஒன்றில் நாதஸ்வரத்தின் நீண்ட சுரங்கள் எல்லாம் நடுங்குகின்றன. பழைய பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் புல்லியையும் ஃப்ளைவீலையும் துடைத்துப் புது பெல்ட் போட்டாயிற்று. ஹெட், கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் சுழல் தண்டு) சுத்தம். டேப்பைக் கேப்ஸ்டன்மேல் அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பருக்கு மட்டும் சோப்புத் தண்ணீர்.

3150 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிந்த டெஸ்ட் டேப் ஓட்டினால் 3120க்கும் 3180க்கும் நடுவே ஊசலாடுகிறது. சராசரி சரிதான், அதனால் மோட்டாரின் ஸ்பீடு திருகைத் தொடவில்லை. (தயவுசெய்து அதைத் திருகச் சொல்லாதீர்கள்!)

ஆட்டம் வினாடிக்கு ஒரு முறைக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. டேப் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, 13 மி.மீ. விட்டமுள்ள பிஞ்ச் ரோலரின் சுற்றளவு சுமார் 4.1 செ.மீ. அதாவது ரோலர் வினாடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழல்கிறது, கணக்கு அங்கேதான் போய் நிற்கிறது. 2 மி.மீ. கேப்ஸ்டன் கோணலாக இருந்தால் வினாடிக்கு ஏழு முறைக்கு மேல் நடுங்கும். டேப்பின் தொடக்கத்திலும் கடைசியிலும் ஆட்டத்தின் வேகம் ஒன்றே, ஆகவே டேப் சேரச் சேரச் சுழற்சி வேகம் மாறும் டேக்-அப் ரீல் (டேப்பைச் சுற்றிக்கொள்ளும் ரீல்) மேல் சந்தேகமில்லை. ரோலர் ரப்பர் கண்ணாடிபோல் பளபளக்கிறது, ஒரு பக்கம் லேசாகப் பள்ளம்.

13 மி.மீ. விட்டம், 8 மி.மீ. அகலம், 2 மி.மீ. அச்சு உள்ள ரோலர் சென்னை ரிச்சி தெருவில் இப்போதும் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால், பழையதை லேத்தில் கடைந்து 0.2 மி.மீ. குறைத்தால் தாங்குமா? ஸ்பிரிங் அழுத்தம் குறைந்து டேப் நழுவுமோ என்பதுதான் கவலை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.