பெரியாஸ்பத்திரிக்கு 20 நிமிஷமாம்! அழகர்கோவில் ரோட்டு சீனியர் குடியிருப்பு பற்றி

ஆனையூரான்:
நேற்று இன்னொரு இழையில் புதூர்வாசி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மதுரை அழகர்கோவில் ரோட்டில் அப்பன்திருப்பதி தாண்டி, வயசானவர்களுக்கென்று கட்டிய ஒரு சீனியர் குடியிருப்பைப் பார்த்துவிட்டு வந்து, "தோட்டம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், பெரியாஸ்பத்திரிக்கு (கோரிப்பாளையம் அரசு மருத்துவமனைக்கு) 20 நிமிஷம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்கிறார். 20 நிமிஷமா? மூன்றுமாவடியிலிருந்து கோரிப்பாளையம் வந்து சேரவே சாயங்காலத்தில் அவ்வளவு ஆகிவிடும். வயசானவர்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் வாய்க்கு வந்ததை எழுதக்கூடாது.

புதூர்வாசி:
வாய்க்கு வந்ததை எழுதவில்லை, என் காரை நானே ஓட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நீங்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆனையூரான்:
ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் நெஞ்சு வலிக்குமா? சித்திரைத் திருவிழாவில் அழகர் கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, மூன்றுமாவடி வழியாகத்தான் தல்லாகுளம் வருகிறார். ஜனங்கள் திரண்டு அழகரை வரவேற்கிற எதிர்சேவை அன்று அந்த ரோட்டில் ஆம்புலன்ஸை விட்டுப் பாருங்கள், அப்புறம் வந்து 20 நிமிஷம் என்று சொல்லுங்கள்.

நத்தம்ரோட்டுக்காரன்:
வருஷத்தில் ஓரிரு நாளை வைத்துப் பேசுவது சரியில்லை அண்ணே. அதுவும் 2023இல் நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டருக்குப் பாலம் திறந்தாகிவிட்டது. ஏறினால் சொக்கிகுளத்தில் இறங்கலாம்.

ஆனையூரான்:
தம்பி, அப்பன்திருப்பதி இருப்பது அழகர்கோவில் ரோட்டில். அங்கிருந்து குறுக்கே போய் நத்தம் ரோட்டைப் பிடித்துப் பாலம் ஏறுவதற்குள் நோயாளி என்ன ஆவார்? போன வருஷம் மனை வாங்குகிற இழையிலும் இதே பாலத்தைக் காட்டித்தான் எல்லோரையும் கிளப்பிவிட்டாய்.

நத்தம்ரோட்டுக்காரன்:
அந்த மனையின் விலை இன்று என்ன என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

திருநகர்மருமகள்:
ஒரு நிமிஷம். இது வீட்டை நம் பெயரில் பத்திரம் போட்டு வாங்குவதா, டெபாசிட் கட்டி இருப்பதா, இல்லை முதியோர் இல்லமா? எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

புதூர்வாசி:
ரெரா (கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையம்) பதிவு இருக்கிறது, நான் பார்த்தேன். அதற்கு மேல் என்ன வேண்டும்?

முன்னாள்சிஸ்டர்:
ரெரா பதிவு கட்டடத்துக்கும் நிலத்துக்கும்தான். ராத்திரி மணி அடித்தால் யார் வருவார் என்பதை அது பார்க்காது. மத்திய அரசு 2019இல் இதற்கென்றே மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. அது வெறும் மாதிரிதான் என்பதால் நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டியவர், வாங்குபவர், பராமரிப்பு நடத்துபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போடுகிறார்களா என்று கேளுங்கள். பகலில் போய்த் தோட்டத்தைப் பார்க்காமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் போங்கள். நர்ஸ் என்று சொல்பவர் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரா, நீல உடுப்புப் போட்ட உதவியாளரா என்று விசாரியுங்கள். 20 நிமிஷமோ 40 நிமிஷமோ, முதல் பத்து நிமிஷத்தில் பக்கத்தில் ஆள் இருப்பதுதான் முக்கியம்.

ஆனையூரான்:
சிஸ்டர் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த 20 நிமிஷம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது? என் அம்மா இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம், மதுரைப் பக்கம்தான்) பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். மணி கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்தது, பாத்ரூமில் இல்லை. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அம்மா அதிலேயே சாய்ந்து கிடந்ததால் வெளியிலிருந்து தள்ளவும் முடியவில்லை. கதவைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் தேடி வாட்ச்மேன் கேட் வரைக்கும் ஓடினார். அப்புறம்தான் 108க்குப் போன் போட்டார்கள். அவர்கள் விளம்பரத்திலும் ஆஸ்பத்திரி பக்கம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

முன்னாள்சிஸ்டர்:
ஐயா, அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? பாத்ரூம் கதவு வெளியே திறக்க வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டில் நகர்கிற கதவாக இருக்க வேண்டும். தரையில் கிடப்பவர் கைக்கு எட்டுகிற மாதிரி மணிக்கயிறு கீழே வரைக்கும் தொங்க வேண்டும்.

ஆனையூரான்:
இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து இப்போது என்னுடன்தான் இருக்கிறார். புதூர்வாசி, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தீர்களா?

புதூர்வாசி:
அம்மாவுக்கு நடந்தது வருத்தமானது. அதற்காக எல்லா இடத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா? நான் சொன்னது தூரம். அதில் தப்பில்லை.

ஷார்ஜாமதுரைக்காரன்:
நான் ஊரில் இல்லை, அப்பாவைத் தனியே விடவும் முடியவில்லை. இடம் எது நல்லது என்று யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தால் 20 நிமிஷத்திலேயே நிற்கிறீர்கள்.

வைகைக்கரை:
அப்பாவை விட்டுவிட்டு ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் குறை சொல்ல வந்தாயிற்று. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007லேயே வந்துவிட்டது தெரியுமா? ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) மனு போட்டால் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும்.

ஷார்ஜாமதுரைக்காரன்:
அதைவிட அதிகமாகவே மாதாமாதம் அனுப்புகிறேன். என் வீட்டுக் கணக்கை உங்களிடம் காட்ட வேண்டியதில்லை.

வைகைக்கரை:
பணம் அனுப்பினால் ஆயிற்றா? ராத்திரி தண்ணீர் எடுத்துக் கொடுப்பது யார்?

திருநகர்மருமகள்:
தண்ணீர் எடுத்துக் கொடுப்பது மருமகள்தான், மகன் இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

முன்னாள்சிஸ்டர்:
ஷார்ஜா தம்பி, 14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறது, அதில் விசாரியுங்கள். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

புதூர்வாசி:
பார்த்தீர்களா, நாலரை மணி நேரம் இருக்கிறது. 20 நிமிஷம் 40 ஆனால் குடிமுழுகிப் போகாது.

ஆனையூரான்:
சிஸ்டர் சொன்னது உங்களுக்குப் புரியவே இல்லை. விழுந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பதிலிருந்து கணக்கு இல்லை, எத்தனை மணிக்கு வந்தது என்பதிலிருந்து கணக்கு. ராத்திரி பதினொன்றுக்கு வந்ததைக் காலையில் காபி கொண்டுவரும் ஆள் பார்த்தால் நாலரை மணி நேரம் எங்கே மிஞ்சும்?

புதூர்வாசி:
வரும் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கிறேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை.

ஆனையூரான்:
கொடுங்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பி கோரிப்பாளையம் வந்து நேரத்தை இங்கே போடுங்கள்.

நத்தம்ரோட்டுக்காரன்:
பாலம் வழியாக வரச் சொல்லுங்கள் அண்ணே.

ஆனையூரான்:
உன்னை யாரும் கேட்கவில்லை.