சேர்ந்து பாடினால் கத்தல், சுருதியும் இறங்குகிறது: என்ன செய்யலாம்?

பள்ளிமணி:
ஆண்டு விழாவுக்கு 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 30 பேர், மோகன ராகத்தில் ஒரு பாட்டு. தனித்தனியாகப் பாடினால் நன்றாக இருக்கிறது. சேர்ந்தால் ஒரே கத்தல். இரண்டாவது சரணத்துக்குள் சுருதி இறங்கிவிடுகிறது. இரண்டு பேருக்குச் சுருதியே சேரவில்லை. அவர்களை வாயசைக்க மட்டும் சொல்லலாமா?

ஐந்தரைக்கட்டை:
சொல்லித் தருவது ஆண் குரலா? அப்படியானால் பிள்ளைகள் அந்தக் கீழ் ஸ்தாயியைத் தேடிப்போய்த் தொண்டையை அமுக்குவார்கள். நன்றாகப் பாடும் ஒரு சிறுமியை முதலில் பாடவிட்டுத் தொடரச் சொல்லுங்கள்.

கீபோர்டின் நடு ஸி முதல் மேல் ஸ்தாயி டி வரைக்குள் பாட்டு முழுவதும் அடங்கட்டும். மெட்டு மத்திய ஷட்ஜத்திலிருந்து (நடு ஸ) தார ஷட்ஜம் (மேல் ஸ) வரை போனால் 1 அல்லது 2 கட்டை (கட்டை என்பது ஸ-வை எங்கே வைக்கிறோம் என்பது: 1 என்றால் ஸி, 2 டி, 4 எஃப்). மந்திர பஞ்சமத்தைத் (கீழ் ப) தொட்டு மேலே தைவதத்தோடு (த) நின்றால் 4 கட்டை. பெரியவர்கள் பாடும் கட்டையை அப்படியே எடுப்பதுதான் பாதிக் கோளாறு.

தம்பூராக்காரன்:
பக்கத்துக் குரல் காதில் விழாவிட்டால் பிள்ளை கத்தும். நேர்வரிசை வேண்டாம், அரைவட்டமாக மூன்று வரிசை. சுருதி சுத்தமான பிள்ளைகளைக் கடைசி வரிசையில் பரவலாக நிறுத்துங்கள், முன்னால் நிற்பவர்களுக்குப் பின்னாலிருந்து கேட்கும்.

சுருதிக்குப் போடும் செல்போன் தம்பூரா 30 பேருக்குப் போதாது, ஸ்பீக்கர் வேண்டும். கடைசி இரண்டு வரிக்கு அதை நிறுத்தி, முடிந்ததும் போடுங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பிள்ளைகளே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும் இடத்திலும் அவரோகணத்திலும்தான் (ஸ்வரங்கள் கீழே இறங்கும் இடம்) பெரும்பாலும் இறங்கும். நீண்ட கார்வையில் (ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் இடம்) பக்கத்தில் நிற்பவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் மூச்செடுக்கக் கூடாது.

சேர்ந்திசைப்பித்தன்:
வாயசைக்கச் சொல்லவே வேண்டாம். பாடாமல் இருந்தால் சுருதி எப்படிச் சேரும்? அந்தப் பிள்ளைக்கு எந்த ஸ்வரம் வருகிறதோ அதை நீங்கள் பாடிச் சேருங்கள், பிறகு ஒவ்வொரு ஸ்வரமாக மேலே கூட்டிப்போங்கள். குழுவில் இரண்டு நல்ல குரல்களுக்கு நடுவே நிற்கட்டும். சேர்ந்து பாடுவதன் பெரிய லாபமே இதுதான்.

மோகனம் நல்ல தேர்வு. அரைஸ்வர இடைவெளியில் அடுத்தடுத்த ஸ்வரங்கள் இல்லாததால் இரண்டாவது குழு ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) தள்ளித் தொடங்கினாலும் பெரிதாக உரசாது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனின் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழு பாரதி பாடல்களைப் பல குரலில் பாடியதைக் கேளுங்கள். கமகத்தை (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) குறையுங்கள், காந்தாரத்தை (க) 30 பேரும் ஒரே மாதிரி அசைக்க முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர்.