ரப்பர் புரைக்கு தனி டி.பி. வச்சா வீட்டு ஆர்.சி.சி.பி. விழுது, எர்த்து எப்படி இழுக்கணும்?

மலையோரத் தோட்டக்காரன்:

வீடு திருவட்டாறு பக்கம். வீட்டுக்க பின்னால ஒரு 30 மீட்டர் தள்ளி, மேட்டுல ரப்பர் ஷீட்டு அடிக்கிற புரை (கொட்டகை). இதுவரைக்கும் கையால சுத்துற ரோலர்தான். இப்ப மோட்டார் வச்ச மெஷின் வாங்கியாச்சு, ஒரு எச்.பி., சிங்கிள் பேஸ். அதுக்கும் ரெண்டு லைட்டு, ஒரு பிளக்குக்குமா சேத்து புரையில சின்ன டி.பி. (கரண்டைப் பிரிச்சு விடுற பெட்டி) ஒண்ணு வைக்கச் சொன்னேன்.

வயர்மேன் வீட்டு டி.பி.யில இருந்து பி.வி.சி. பைப்புக்குள்ள பேஸும் நியூட்ரலுமா ரெண்டு வயர் மட்டும் கொண்டு போனார், 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). எர்த்து வயர் இழுக்கல்ல. "அங்கயே மண்ணுல எர்த்து ராடு அடிச்சிட்டேன், அது போதும்"னு சொன்னார். அதோட புரை டி.பி.க்குள்ள நியூட்ரல் பாரையும் எர்த்து பாரையும் (வயர் முனைகளைச் சேத்து முறுக்குற கட்டைகள்) ஒரு துண்டு வயரால சேத்து வச்சிருக்கார்.

லைட்டு மட்டும் போட்டா சில நேரம் நிக்குது, சில நேரம் நிக்கல்ல. மெஷினை ஆன் பண்ணினா வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிஞ்சா தானா லைனை வெட்டுற சுவிட்சு; 40 ஆம்பியர், கசிவு 30 மில்லி ஆம்பியர்) உடனே விழுது. வீடு முழுக்க இருட்டு, அம்மைக்க சீரியலும் போச்சு, எனக்கு ஏச்சு.

இப்ப வயர்மேன் "புரை லைனை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால இருந்து எடுத்துத் தாறேன், தொந்தரவு தீந்துச்சு"ங்கார். அமெரிக்காவுல இருக்க மச்சினனோ "நியூட்ரலையும் எர்த்தையும் சேக்கதுதான் முறை, இங்க எல்லா வீட்டுலயும் அப்படித்தான்"ங்கான். யாரு பேச்சை எடுக்க? தரை எப்பவும் ஈரம், ரப்பர் பாலும் அதை உறைய வைக்கிற ஆசிட்டும் சிந்துற இடம். வேலைக்கு வாறவங்க செருப்பு போட மாட்டாங்க. அதான் கேக்கேன்.

மேக்காமண்டபம் 77:

எங்க வீட்டுலயும் இதே கதைதான். 30 மில்லியைக் கழட்டிட்டு 100 மில்லி போட்டோம். அதுக்குப் பொறவு விழல்ல.

பழைய பேனல்காரன், கருங்கல்:

தோட்டக்காரத் தம்பி, மெயினை ஆஃப் பண்ணிட்டு புரை டி.பி.க்குள்ள கெடக்க அந்தத் துண்டு வயரைக் கழட்டி எறியுங்க. மத்ததைப் பொறவு பேசலாம். மேக்காமண்டபம் தம்பி கோவிக்கக் கூடாது. 100 மில்லி தீப்பிடிக்காம இருக்கதுக்கு. ஆளைக் காப்பாத்துறது 30தான். திரும்ப மாத்திருங்க.

ஏன் விழுதுன்னு சொல்லுறேன். ஆர்.சி.சி.பி. பாக்கது ஒண்ணே ஒண்ணு: பேஸ்ல போன கரண்டு முழுசும் நியூட்ரல்ல திரும்பி வருதா? 30 மில்லி குறைஞ்சா விழுந்தாகணும், 15க்குக் கீழ விழக்கூடாது, நடுவுல எங்க வேணும்னாலும் விழலாம். உங்க புரையில ரெண்டு பாரும் சேந்து கெடக்கதால திரும்புற கரண்டுக்கு ரெண்டு வழி ஆயிப்போச்சு. பெரும்பங்கு வயர்லதான் வரும். கொஞ்சம் ராடு வழியா மண்ணுக்குள்ள எறங்கி டிரான்ஸ்பார்மர் எர்த்துக்குப் போயிடும். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது அஞ்சாறு ஆம்பியர் எடுக்கும். நூத்துல ஒரு பங்கு மண்ணுக்குப் போனாலே 50 மில்லி தாண்டிடுது. ஸ்டார்ட் ஆகும்போது அதுல அஞ்சாறு மடங்கு.

லைட்டு சில நேரம் நிக்காததும் இதே காரணந்தான். சாயங்காலம் ஊரெல்லாம் லோடு போடும்போது லைன்ல வாற நியூட்ரல்லயே ரெண்டு மூணு வோல்ட் நிக்கும். அது உங்க ராடு வழியா எறங்கப் பாக்கும். அப்போ புரையில மெஷின் ஓடணும்னே இல்ல. விழுறது எந்நேரம்னு கவனிச்சுப் பாருங்க, ராத்திரி ஏழு எட்டு மணிக்கா இருக்கும்.

இது வரைக்கும் இருட்டோட போச்சு. வயர்மேன் சொல்லுற மாதிரி ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி லைன் எடுத்துட்டு, துண்டு வயரையும் விட்டு வச்சா அடுத்து என்ன ஆகும்? ஆசிட் ஆவி அடிக்க இடத்துல செம்புக் கம்பி பச்சை பூத்து டெர்மினல் லூசாகுறதை ஷீட்டுப் புரை வச்சிருக்க எல்லாரும் கண்டிருப்பீங்க. லூசானது நியூட்ரல்னு வைங்க. பிளக்குல 1000 வாட் அயன் பாக்ஸ் ஒண்ணு மாட்டியிருந்தாப் போதும். அதுக்க ரெசிஸ்டன்ஸ் 53 ஓம் பக்கம். பேஸ் அது வழியா வந்து நியூட்ரல் பார்ல நிக்கும், துண்டு வயர் வழியா எர்த்து பாருக்கு ஏறும், அங்க இருந்து மெஷினுக்க பாடி, ரோலர், கைப்பிடி எல்லாத்துலயும் நிக்கும். ராடு 50 ஓம்னா பாடியில 110 வோல்ட் சொச்சம். எம்.சி.பி. (கரண்டு அளவுக்கு மீறினா வெட்டுற சுவிட்சு) அசையாது, ரெண்டு ஆம்பியர் சொச்சந்தானே போகுது. ஈரத்துல வெறுங்காலோட ஷீட்டு போடுறவனுக்கு அது தாராளம்.

"ராடு அடிச்சிட்டேன், போதும்"ங்கதும் தப்புக் கணக்கு. 16 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. சட்டுனு விழணும்னா 80ல இருந்து 160 ஆம்பியர் வரைக்கும் போகணும். பேஸ் பாடியில தட்டினா 50 ஓம் ராடு வழியா போறது 4.6 ஆம்பியர். நம்ம மலையோர வெட்டுக்கல் மண்ணுல 50 ஓமுக்குக் கீழ கொண்டு வாறதே பாடு, பங்குனி வெயில்ல கேக்கவே வேண்டாம். அதனால ராடு எத்தனை அடிச்சாலும் 30 மில்லி ஆர்.சி.சி.பி. இல்லாம அந்த மெஷினைத் தொடக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டு டி.பி. எர்த்து பார்ல இருந்து புரை எர்த்து பாருக்கு 4 ஸ்கொயர் பச்சைச் செம்பு வயர் ஒண்ணு கூடவே போகணும். பேஸ் 16 ஸ்கொயர் வரைக்கும் இருந்தா எர்த்தும் அதே அளவு. புரையில நியூட்ரல் பார் பெட்டிக்க பாடியைத் தொடாம தனியா நிக்கணும். அடிச்ச ராடு வீணாகாது, அதைப் புரை எர்த்து பார்ல சேத்துக்கிடுங்க. ரெண்டு எர்த்தும் வயரால சேந்திருந்தா இடி விழுற நேரத்துலயும் வீட்டுக்கும் புரைக்கும் நடுவுல வோல்ட் வித்தியாசம் குறைவா இருக்கும்.

வயர்மேன் சொன்னதுல பாதி சரின்னும் ஒத்துக்கிடணும். லைனை வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு முன்னால எடுத்து, புரைக்குன்னு தனியா 30 மில்லி ஒண்ணு புரை டி.பி.யிலயே வச்சா, அங்க விழுந்தா அம்மைக்க சீரியல் நிக்காது. ஆனா நடுவுல உள்ள 30 மீட்டர் வயருக்குக் காவல் வேணும். வீட்டு முனையில 100 மில்லி எஸ் டைப் ஆர்.சி.சி.பி. வையுங்க, அது கொஞ்சம் தாமதிச்சு விழும், அதனால புரையில உள்ளது முந்திக்கிடும். பெட்டி பிளாஸ்டிக்கா இருக்கட்டும், பால் உறைய வைக்கிற ஆசிட் டிஷ் இருக்க சுவருக்கு எதிர்ச் சுவர்ல.

மச்சினன் பொய் சொல்லல்ல. அமெரிக்காவுல மெயின் பேனல்ல நியூட்ரலையும் எர்த்தையும் சேப்பான், ஆனா அங்க ஒரே இடத்துலதான். சப் பேனலுக்கு வந்தா சேக்குற பச்சை ஸ்குரூவைப் போடவே மாட்டான். தனிக் கட்டிடத்துக்கு எர்த்து வயர் இல்லாம, ரெண்டு பேஸும் ஒரு நியூட்ரலுமா மூணு வயர் கொண்டு போய் அங்கயும் சேக்குற பழைய வழக்கம் ஒண்ணு இருந்துச்சு, புதுக் கட்டிடங்களுக்கு 2008 கோடோட (அவனுக்க வயரிங் விதிமுறை) அதையும் நிறுத்திட்டான். நம்ம வீடுகள்ல நாம குழி எடுத்து வச்ச எர்த்துதான். நியூட்ரல் டிரான்ஸ்பார்மர்ல எர்த்து ஆகி வருது. வீட்டுக்குள்ள எங்கயும் சேக்க வேண்டாம்.

மலையோரத் தோட்டக்காரன்:

அண்ணாச்சி, துண்டு வயரைக் கழட்டியாச்சு. மெஷின் ஓடுது, விழல்ல! ஆனா நீங்க சொன்ன பொறவு ஓட விடாம நிறுத்தி வச்சிருக்கேன். ஒரு சந்தேகம். வயர்மேன் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் பல்பு வச்சுக் காட்டினார், பளிச்சுன்னு எரிஞ்சுது. அப்போ ராடு நல்லாத்தானே இருக்கு?

பழைய பேனல்காரன், கருங்கல்:

அந்த பல்பு நியூட்ரல் வழியா எரிஞ்சிருக்கு தம்பி, துண்டு வயர் அப்போ கெடந்துச்சுல்லா. கழட்டின பொறவும் அந்த டெஸ்டு ஒண்ணும் சொல்லாது. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அதுகூட 50 ஓம் மண்ணு சேந்தா வெளிச்சம் குறைஞ்சது சட்டுனு கண்ணுக்குத் தெரியாது. இப்ப செஞ்சா 0.4 ஆம்பியர் மண்ணுக்குப் போய் ஆர்.சி.சி.பி.யும் விழும். ரெண்டு கம்பி நட்டு அளக்கிற எர்த்து டெஸ்டர் வச்சிருக்க ஆளைக் கூப்பிடுங்க. அதுக்கு முன்னால நீங்களே ஒண்ணு பாக்கலாம்: மெயின் ஆஃப், பிளக் எல்லாம் உருவி, புரைக்கு வாற நியூட்ரலைக் கழட்டிட்டு, நியூட்ரல் பாருக்கும் எர்த்து பாருக்கும் நடுவுல மல்டிமீட்டரைப் பீப் மோடுல வையுங்க. பீப் அடிச்சா இன்னும் எங்கயோ சேந்து கெடக்கு.

முட்டம் கடற்கரை:

எங்களுக்குப் பூழிதான் (மணல்), ரெண்டு ஆள் ஆழத்துல உப்புத் தண்ணி. சிரட்டைக் கரியும் உப்பும் போட்டு எர்த்துக்கு ஜி.ஐ. பைப்பு (துத்தநாகம் பூசின இரும்பு) எறக்கினோம். தோண்டிப் பாத்தா பைப்பு பொடிஞ்சு கெடக்கு.

பழைய பேனல்காரன், கருங்கல்:

உங்களுக்கு எதுக்குய்யா உப்பு, கடல் தந்தது போதாதா? ஐ.எஸ். 3043 (எர்த்துக்கான இந்திய விதிமுறை) படி 2.5 மீட்டர் பைப்பு எறக்கினா அங்க ஓம் தானா குறையும், ஆனா ஜி.ஐ. நிலைக்காது. செம்பு பூசின ராடு போடுங்க. ஜாயின்ட் மண்ணுக்கு மேல, சேம்பருக்குள்ள, மூடியைத் தூக்கினா தெரியுற மாதிரி இருக்கணும்.

மலையோரத் தோட்டக்காரன்:

பச்சை வயர் வாங்கி வச்சாச்சு அண்ணாச்சி. பைப்பு முக்கால் இஞ்ச். அதுலயே மூணாவதையும் விட்டுரலாமா?

பழைய பேனல்காரன், கருங்கல்:

மூணு 4 ஸ்கொயர் தாராளமாப் போகும். ஆனா உள்ள கெடக்கதுக்கு மேல பச்சையை மட்டும் தள்ள விடாதீங்க, உரசி இன்சுலேஷன் சீவிப்போகும். பழைய ரெண்டையும் உருவி, மூணையும் சேத்துக் கட்டி ஒண்ணா இழுக்கச் சொல்லுங்க.