பெரியப்பாவோட வலி மாத்திரை (குடும்ப வாட்ஸ்அப் குழு)

மீனா: பெரியப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு கொடுத்த சீட்டு போட்டோ போட்டிருக்கேன். இன்னைக்கு வேற கிளினிக்ல இன்னொரு வலி மாத்திரை எழுதியிருக்காங்க. ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

செல்வி அக்கா: புதுசைக் கொடுக்காத மீனா. பேர்தான் வேற, ரெண்டுலயும் ட்ராமடால்ங்கிற அதே வலி மருந்து இருக்கு. பழைய அட்டை எஸ்.ஆர். (மெதுவா இறங்குற வகை) 100 மி.கி., காலை, ராத்திரி, ஆக 200. புதுசுல பாரசிட்டமால் 325, கூடவே ட்ராமடால் 37.5. மூணு வேளைக்கு 112.5. கூட்டினா 312.5 ஆகுது. 75 வயசு தாண்டினவங்களுக்கு ஒரு நாளைக்கு 300தான் உச்சம். மத்தவங்களுக்கே 400.

மீனா: கொஞ்சம் கூடினா தூக்கம்தானே வரும்?

ரவி மாமா: ஃபிட்ஸும் வரும்மா. ட்ராமடால் வெறும் ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) வேலை மட்டும் பார்க்காது. மூளையில நரம்புகளுக்கு நடுவுல சேதி கடத்துற செரட்டோனின், நார்அட்ரினலின் ரெண்டும் திரும்ப உறிஞ்சப்படுறதையும் தடுக்கும். அதனால நரம்புகள் சீக்கிரம் தூண்டப்பட்டுடும். டோஸ் கூடக்கூட ஆபத்து கூடும். சரியான டோஸ்லயே வந்தவங்களும் உண்டு.

ரவி மாமா: சீட்டுல கடைசி வரியைப் பாரு, எஸ்சிட்டலோப்ராம் 10, மனச்சோர்வுக்கான மாத்திரை. அதுவும் செரட்டோனினைக் கூட்டுற மாத்திரை. ரெண்டும் சேர்ந்தா ஃபிட்ஸ் ஆபத்து இன்னும் ஏறும். எனக்கு இதுதான் பெரிய கவலை. செரட்டோனின் அளவு மீறினா தெரியுற அறிகுறிகளைக் கேக்குறேன்: கை நடுக்கம், காய்ச்சல், வியர்வை, குழப்பம், தசை வெட்டி வெட்டி இழுக்கிறது, இதுல ஏதாவது இருக்கா?

மீனா: அதெல்லாம் இல்ல மாமா. ஆனா முழுங்க முடியலன்னு பெரியம்மா பழைய மாத்திரையைப் பொடி பண்ணித்தான் கொடுக்குறாங்க.

செல்வி அக்கா: ஐயோ, பொடி பண்றதை உடனே நிறுத்தச் சொல்லு! எஸ்.ஆர். மாத்திரை 12 மணி நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். பொடி பண்ணினா 100 மி.கி.யும் ஒரேயடியா ரத்தத்துல ஏறும். முழுங்க முடியலன்னு டாக்டர்கிட்டச் சொன்னா சொட்டு மருந்தாவோ வேற மருந்தாவோ மாத்துவாங்க.

கணேஷ்: அப்பாவுக்கு கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் கூடுதல்னு சொன்னாங்களே அக்கா?

செல்வி அக்கா: அதையும் சொல்லணும் கணேஷ். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (கிட்னி ரத்தத்தைச் சுத்தம் பண்ற வேகம்) 30க்குக் கீழ இருந்தா ட்ராமடால் ஒரு நாளைக்கு 200 மி.கி.தான், எஸ்.ஆர். ஆகவே ஆகாது. பெத்திடின்ங்கிற வலி ஊசியும் வேண்டாம்னு கேட்டுக்கோ. அது உடம்புல நார்பெத்திடினா மாறும், கிட்னி சரியில்லாட்டி வெளியேறாம தங்கி ஃபிட்ஸைக் கிளப்பும்.

மீனா: அப்போ ரெண்டையும் இப்பவே நிறுத்திடவா?

ரவி மாமா: புதுசை ஆரம்பிக்காதே. பழைய மாத்திரையும் எஸ்சிட்டலோப்ராமும் நீயா நிறுத்தாதே, திடீர்னு விட்டாலும் தொந்தரவு வரும். ராத்திரி டோஸுக்கு முன்னாடியே சர்ஜனுக்குப் போன் போடு. வயசு, கிரியாட்டினின், எஸ்சிட்டலோப்ராம், பொடி பண்ணினது, நாலையும் சொல்லு.

கணேஷ்: மீறி ஃபிட்ஸ் வந்தா?

ரவி மாமா: ஒருக்களிச்சுப் படுக்க வை, ஆபரேஷன் பண்ணின பக்கம் மேல இருக்கட்டும். வாயில தண்ணி, ஸ்பூன் எதுவும் வேண்டாம், கையில சாவியும் வேண்டாம். மணி பார்த்துக்கோ. 5 நிமிஷம் காத்திருக்காதே, முதல் தடவை வர்றவங்களுக்கு உடனே 108தான். அட்டைகளையும் எடுத்துட்டுப் போ. மூச்சு அடங்கினா ஓபியாய்டுக்கு மாற்று மருந்தான நாலக்சோன் போடுவாங்க. அது மூச்சைத் திருப்பும், ட்ராமடாலால வர்ற ஃபிட்ஸை அடக்காது. அதனால மாத்திரை பேரை முதல்லயே சொல்லிடு.

மீனா: சரி மாமா, போன் போடுறேன்.