18 மாடி மரக் கட்டடம்: மகனைத் தங்கவைக்கலாமா?

காவிரிக்கரை:
மகனுக்குக் கனடாவில், வான்கூவர் யுபிசியில் (பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம்) இடம் கிடைத்திருக்கிறது. விடுதி ப்ராக் காமன்ஸ், 12ஆவது மாடி. தேடிப் பார்த்தால் 18 மாடியும் மரமாம்! எங்கள் வீட்டுக் கதவு நிலையையே கரையான் அரித்துவிட்டது. தீப்பிடித்தால் அவன் எப்படி இறங்குவான்? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வான்கூவர்_தச்சன்:
அம்மா, ஆறு வருஷமாக இங்கே சிஎல்டி பலகை ஏற்றிப் பொருத்துவதுதான் என் வேலை. பிளைவுட் மாதிரியே, ஆனால் கனமான பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. அந்தக் கட்டடத்தில் நான் வேலை செய்ததில்லை, ஆனால் எங்கள் தொழிலில் அதைத் தெரியாதவர் இல்லை.

முழுக்க மரம் இல்லை. தரைத்தளம் கான்கிரீட். லிஃப்டும் படிக்கட்டும் இருக்கும் இரண்டு கூண்டுகளும் கான்கிரீட். உங்கள் மகன் இறங்கும் வழி அதற்குள்தான். மண்ணிலிருந்து ஏறும் கரையானுக்கும் முதலில் கான்கிரீட்தான் எதிர்ப்படும்.

விறகடுப்பு எரித்திருப்பீர்களே? சுள்ளி பற்றும், அடிக்கட்டை லேசில் பற்றாது. மேலே படியும் கரியே உள்ளே சூடு போகாமல் காக்கும். நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. கரியும், மணிக்கு 4 செ.மீ. அதற்கும் சேர்த்துத் தூணைப் பருமனாக வைக்கலாம். ப்ராக் காமன்ஸில் அதையும் நம்பி விடவில்லை. மரத்தை அடுக்கடுக்காக ஜிப்சம் பலகையால் மூடி, தீப்பிடித்தால் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளரும் வைத்திருக்கிறார்கள். அறையில் மரம் கண்ணில் படாது. தச்சனாக எனக்கு அதில் வருத்தம்தான்.

சிவில்_மாணவன்:
அண்ணா, நாருக்குக் குறுக்கே அழுத்தினால் மரம் நசுங்குமே? அத்தனை மாடி கனத்தைக் கீழ்மாடிகளின் தரைப் பலகை எப்படித் தாங்கும்?

வான்கூவர்_தச்சன்:
தாங்க விடுவதே இல்லை தம்பி. மேல்தூணையும் கீழ்த்தூணையும் இணைக்கும் இரும்புத் துண்டு பலகையை ஊடுருவிப் போகும். கனம் தூணிலிருந்து தூணுக்கே இறங்கிவிடும். உத்தரமே கிடையாது.

எனக்குப் பயம் ஈரத்தில்தான். ப்ராக் காமன்ஸின் மரச்சட்டகம் 2016 கோடையில் 70 நாளுக்குள் எழுந்தது, பின்னாலேயே வெளிச்சுவரையும் மாட்டிவந்தார்கள். எங்கள் சைட் ஒன்றில் நவம்பர் மழையில் உறை கிழிந்து, மூட்டுகளில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஹீட்டர் வைத்து உலர்த்தவே இரண்டு வாரம். நான்கு பலகைகளைக் கழற்றினோம்.

காவிரிக்கரை:
படிக்கட்டு கான்கிரீட் என்றதும்தான் மூச்சு வந்தது தம்பி. மேல்மாடியில் நடந்தால் சத்தம் கேட்குமா? அவன் படிக்கிற பிள்ளை.

வான்கூவர்_தச்சன்:
பலகைமேல் 4 செ.மீ. கான்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள், பேச்சுக் குரல் வராது. குதிகால் ஊன்றி நடந்தால் மட்டும் லேசாகத் தொம்மென்று கேட்கலாம்.