மெனு இணைப்புகள் துணை ஃபோல்டரில் மட்டும் உடைகின்றன, உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. இணையப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒரு தளம் செய்துகொண்டிருக்கிறேன். முன்னோட்டத்தில் எல்லா இணைப்பும் ஒழுங்காகத் திறக்கிறது. சர்வரில் ஏற்றியதும் சில பக்கங்களில் 404, அதாவது 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற பிழை வருகிறது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை லினக்ஸ் சர்வர் வேறு வேறு கோப்பாகத்தான் பார்க்கும் என்பதால் கோப்புப் பெயர்களையெல்லாம் சின்ன எழுத்துக்கு மாற்றிவிட்டேன். பெயர்களில் இருந்த இடைவெளிகளையும் எடுத்தாயிற்று. அதில் பாதிப் பிரச்சினை சரியாகிவிட்டது.

மிச்சம் இருப்பதுதான் படுத்துகிறது. மெனு, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மாதிரிப் பக்கமான ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து வருகிறது. முதல் நிலைப் பக்கங்களில் அது நன்றாக வேலை செய்கிறது. 'படங்கள்' ஃபோல்டருக்குள் இருக்கும் பக்கத்தில் 'தொடர்புக்கு' என்பதை அழுத்தினால், பிரவுசர் அந்தப் பக்கத்தையும் 'படங்கள்' ஃபோல்டருக்குள்ளேயே தேடுகிறது. பக்கத்தின் HTML நிரலைத் திறந்து பார்த்தால், ஒரு படி மேலே போகச் சொல்லும் இரண்டு புள்ளியும் சாய்கோடும் அங்கே இல்லை.

முகவரியைச் சாய்கோட்டில் தொடங்கினால் சர்வரில் சரியாகிவிடும், ஆனால் கோப்பை நேரடியாகத் திறந்து பார்க்கும்போது உடைந்துவிடும். எல்லா இணைப்புகளுக்கும் ஒரே தொடக்க முகவரியைக் குறிக்கும் பேஸ் டேக் போடலாம் என்றால், பக்கத்துக்குள்ளேயே தாவும் இணைப்புகளும் திசைமாறிப் போகின்றன. அப்புறம் அது வேறு தலைவலி.

டெம்ப்ளேட்டைப் புதுப்பிக்கும்போதே ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஏற்றபடி பாதையை மாற்றிக்கொள்ள வைக்க முடியுமா? தளத்தின் மூல ஃபோல்டரை அமைப்பில் எப்படிக் குறித்திருக்கிறீர்கள்? இல்லை, கணினியிலேயே ஒரு லோக்கல் சர்வர் வைத்துக்கொண்டு சாய்கோட்டு முகவரிக்கே மாறிவிடுவதுதான் நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.