ஓடிப்போய் மண்வெட்டி பிடிப்பவர்கள்: லண்டன் தோட்டங்களும் அயல்வீடுகளும்

இல்ஃபோர்ட் கொத்தமல்லி:

லண்டனில் இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் குட்ஜிம் என்ற தன்னார்வ அமைப்பு பற்றி விசாரிக்கிறார்கள். 2009-இல் கிழக்கு லண்டனில் ஐவோ கோர்ம்லி தொடங்கியது அது. ஜிம்மில் டிரெட்மில் மேல் போகிற உழைப்பு அக்கம்பக்கத்துக்கு ஆகட்டுமே என்பதுதான் எண்ணம். குழுவாக ஓடியோ நடந்தோ சைக்கிளிலோ ஒரு சமூகத் தோட்டத்துக்குப் போய், வேலை செய்துவிட்டுத் திரும்புவது ஒரு வகை. முதியவர் வீட்டில் கட்டிலை நகர்த்துவது, புதர் வெட்டுவது போன்ற ஒருநாள் வேலைக்கு மிஷன் என்று பெயர். தனியாக வாழும் ஒருவரைத் தொடர்ந்து போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருவது மூன்றாவது. ஓட்டம் ஒத்துவராதவர்களுக்கு கிரீன் ஜிம் இருக்கிறது. மருத்துவர் வில்லியம் பேர்ட் 1990-களின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தொடங்கிவைத்தது. வார்ம்-அப், தோட்ட வேலை, கடைசியில் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, அவ்வளவுதான்.

குழு வேலைக்குக் கையில் இருப்பது சுமார் 40 நிமிடம். அதற்குள் முடியாத வேலையை எடுத்தால், பாதி தோண்டிய பாத்தியும் வழியெல்லாம் முள்ளுமாகத் தோட்டம் முன்பைவிட மோசமாகக் கிடக்கும். அதைச் சரிசெய்யப் போவது அங்கே தினமும் வரும் இரண்டு மூன்று வயதானவர்கள். அதனால் ஒருங்கிணைப்பவர் முந்தின வாரமே மூன்று விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவிகள் எத்தனை? மண்ணும் வுட்சிப்பும் (மரச்சில்லுகள்) எங்கே கொட்டியிருக்கிறது? வெட்டியதும் பிடுங்கியதும் எங்கே போகும்? மூன்றாவதைத்தான் எப்போதும் மறக்கிறார்கள். இருபது பேர் வந்து ஆறு சவள் (மண் அள்ளும் கருவி) மட்டும் இருந்தால், மீதிப் பேருக்கு அட்டைப்பெட்டி பிரிப்பது, களை பிடுங்குவது, தொட்டி கழுவுவது என்று கைவேலை தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் பகுதிகளில் எது சரியாகப் போகிறது, எது கெடுகிறது என்று விவரமாக எழுதுங்கள்.

வால்தம்ஸ்டோ தம்பி:

அதிகம் வரும் வேலை வுட்சிப் பரப்புவதுதான். மரம் வெட்டுகிற ஒப்பந்தக்காரர்கள் பல தோட்டங்களுக்கு லாரியோடு இலவசமாகவே கொட்டிவிட்டுப் போவார்கள்.

கணக்கு இப்படி. 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்றால் ஒரு கன மீட்டர். சாதாரண பில்டர் வீல்பரோ (ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி) 85 லிட்டர் கொள்ளும், ஆக 12 நடை. இரண்டு வீல்பரோவும் நாலு பேரும் இருந்தால் 40 நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் கீழே அட்டை விரிக்காமல் கொட்டினால் புல் மேலே வந்துவிடும். அட்டையிலிருந்து டேப்பையும் ஸ்டேபிளையும் முழுக்க எடுத்துவிட வேண்டும், பளபளப்புப் பூச்சு உள்ளதைத் தொடவே கூடாது. ஒன்றின் மேல் ஒன்று 15 சென்டிமீட்டராவது ஏறி இருக்கட்டும்; அந்த இடுக்கில்தான் புல் புகும். நன்றாக நனைத்த பிறகு வுட்சிப் போடுங்கள். காய்ந்த அட்டை காற்றில் கிளம்பும், மழைத்தண்ணீரையும் மண்ணுக்கு விடாது.

குவியலில் சவள் சரியாக இறங்காது, மணிக்கட்டு போய்விடும். நிறையப் பற்கள் உள்ள அகலமான ஃபோர்க்தான் இதற்கு வாகு. புதுக் குவியல் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும், கிளறினால் ஆவியோடு பூஞ்சைத் தூளும் எழும்பும். ஆஸ்துமா உள்ளவர்கள் குவியல் பக்கம் நிற்காமல் பரப்பும் முனைக்குப் போய்விடட்டும்.

மரத்தடியில் போடும்போது 5 முதல் 8 சென்டிமீட்டர் கனம் போதும், அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மரத்தோடு சேர்த்துக் குவித்துவைப்பதைப் பூங்காக்களில்கூடப் பார்க்கிறோம். பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும். இன்னொன்று, புது வுட்சிப்பை மண்ணோடு கலக்கவே கூடாது. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், அந்தப் பாத்தியில் வைத்த செடியெல்லாம் வெளிறிப்போகும். மேலே கிடந்தால் தொந்தரவில்லை.

உயர்த்திய பாத்திக்கு மண் நிரப்பும்போது கணக்கு மாறும். 2.4 மீட்டர் நீளம், 1.2 அகலம், 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் 0.86 கன மீட்டர். பெரிய பல்க் பேக் ஒன்றில் முக்கால் கன மீட்டர் அளவுதான் வரும், அதனால் ஒரு பையோடு பாத்தி நிறையாது. ஈர மண் நிறைந்த ஒரு வீல்பரோ 100 கிலோவைத் தாண்டும்! பாதிதான் நிரப்ப வேண்டும், பாரம் சக்கரத்தின் மேல் முன்பக்கமாக இருக்க வேண்டும். கைப்பிடிப் பக்கம் பாரம் விழுந்தால் இடுப்பு தாங்காது. கிளம்பும் முன் டயரில் காற்றைப் பாருங்கள், தோட்டத்து வீல்பரோ பாதிக்கு மேல் காற்று இறங்கித்தான் இருக்கும். போக ஒரு வழி, வர ஒரு வழி என்று வட்டமாக வைத்தால் முட்டிக்கொள்ள மாட்டார்கள்.

1.2 அகலம் ஏன் என்று கேட்பார்கள். இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுவரை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டாம். லண்டனில் பழைய தொழிற்சாலை இடங்களில் மண்ணில் ஈயம் இருக்கலாம் என்பதால்தான் தரைக்கு மேல் பாத்தி கட்டுகிறார்கள். எனவே நிரப்ப மண் குறைந்தால் அங்கேயே தோண்டிப் போடுகிற வேலை வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

தம்பி வடிவா எழுதியிருக்கிறார். நான் முள்ளுப்பத்தையைப் பற்றிச் சொல்லுறன்.

பிரம்பிள் எண்ட முள்ளுக்கொடியைக் கண்டவுடனை எல்லாரும் நுனியில பிடிச்சு இழுப்பினம். அது அறுந்துதான் வரும், கிழங்கு மாதிரி இருக்கிற வேர்முடிச்சு மண்ணுக்குள்ளயே நிக்கும், கெதியாத் திரும்ப முளைக்கும். முதல்ல நீளக் கைப்பிடி வெட்டியால முழங்கால் உயரத்துக்குத் தண்டை விட்டு மேலதை எல்லாம் அறுக்கவேணும். வெட்டினதை ஒரு முழத் துண்டாக்கிப் போட்டால்தான் பையுக்குள்ள அடங்கும், முழுக்கொடியாச் சுருட்டினால் ஆளைக் கிழிக்கும். பிறகு விட்டுவைச்ச அந்தத் தண்டைப் பிடிச்சுக்கொண்டு, சுத்திவர ஃபோர்க்கால நெம்பி முடிச்சோட எடுக்கவேணும். கொடியின்ர நுனி மண்ணைத் தொட்ட இடத்திலயும் வேர் பிடிச்சிருக்கும், அதையும் பாருங்கோ. ரெண்டு பேர் வெட்ட, ரெண்டு பேர் கிண்ட, ஒராள் துண்டாக்க எண்டு பிரிச்சால் சரி. ஒராளுக்கும் அடுத்தாளுக்கும் இடையில ரெண்டு மீட்டர் இருக்கவேணும். கையுறை தோலில இருக்கவேணும், ரப்பர் பூசின துணிக் கையுறைக்குள்ளால முள்ளு ஏறும். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கோ எண்டு பாத்துக்கொள்ளுங்கோ.

மார்ச்சில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குருவியள் கூடு கட்டுற காலம். கூட்டைக் குலைக்கிறது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடர்த்தியான பத்தையையும் வேலியையும் செப்டம்பருக்குப் பிறகு வெட்டத் தேதி போடுங்கோ. இலைக்குவியல், கொம்போஸ்ட் குவியலுக்குள்ள ஃபோர்க்கைக் குத்த முதல் மேலால மெல்லக் கிளறிப் பாக்கவேணும், உள்ளுக்க முள்ளெலி படுத்திருக்கும்.

ஜப்பானிஸ் நாட்வீட் எண்ட களையோ எண்டு சந்தேகம் வந்தால் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. மூங்கில் மாதிரிக் கணு, சிவப்புப் புள்ளி, தண்டு வளைஞ்சு வளைஞ்சு போகும், அகலமான இலை. வேரின்ர சின்னத் துண்டே போதும் புதுசா வர. சப்பாத்தில ஒட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கும் போகும். படம் எடுத்துத் தோட்டப் பொறுப்பாளருக்கு அனுப்பிப்போட்டு வேற மூலைக்குப் போங்கோ.

ஹரோ வாசகி:

அண்ணை, பைண்ட்வீட் கொடியையும் இப்படித்தான் கிண்ட வேண்டுமா?

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

ஓம் பிள்ளை, ஆனா மண்வெட்டி வேண்டாம். வெள்ளை வேர் நூடுல்ஸ் மாதிரி நொறுங்கும், வெட்டின ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். ஃபோர்க்கால மண்ணைத் தளர்த்திப்போட்டுக் கையால உருவி எடுக்கவேணும். கொம்போஸ்டுக்குள்ள போடாதேங்கோ. மூடி போட்ட வாளித் தண்ணியில கிழமைக்கணக்கில ஊறப்போட்டு அழுகின பிறகு போடலாம். ஒரு நாளில முடியிற வேலை இல்லை எண்டு தோட்டக்காரருக்கு முதலே சொல்லிப்போடுங்கோ.

டூட்டிங் நர்ஸ்:

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. 3, 4 கிலோமீட்டர் ஓடி வேர்த்து வந்து, குளிரில் நின்று வேலை செய்தால் பத்து நிமிடத்தில் நடுங்கும். முதுகுப்பையில் ஒரு காய்ந்த மேல்சட்டை கட்டாயம். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மாலைக் குழு வேலை எல்லாம் தலைவிளக்கில்தான். அந்த வெளிச்சத்தில் ரம்பம், முள் வெட்டுதல் வேண்டாம். வுட்சிப், மண் சுமப்பது செய்யலாம். குளத்து வேலை என்றால் கைக்காயத்துக்கு நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள், எலி மூத்திரத்திலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரலாம். கொம்போஸ்ட் மூட்டையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், நுரையீரலைத் தாக்கும் ஒருவகை லெஜியோனெல்லா கிருமி அதில் இருக்கலாம். குடிக்கும் முன், சாப்பிடும் முன் கை கழுவுங்கள்.

ஹரோ வாசகி:

நான் வீட்டு மிஷன்களைப் பற்றி எழுதுகிறேன். இதற்குப் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும், ஒருவர் தனியாகப் போகக் கூடாது.

கட்டில், அலுமாரி நகர்த்துவது அதிகம் வரும், ஒருவர் மாடிப்படி ஏற முடியாமல் கீழ் அறைக்கு வரும் நேரம் அது. போகும் முன் அலுமாரியின் ஆழத்தையும் படி திரும்புகிற இடத்தின் அகலத்தையும் அளந்து கேட்டுக்கொள்ளுங்கள். கதவு, தட்டு, இழுப்பறை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். திருகாணிகளை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டிலிலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். தனியாக வைத்த பை இன்னொரு வீட்டுக்குப் போன கதையெல்லாம் உண்டு. படியில் இறக்கும்போது பாரம் கீழே நிற்பவர் மேல்தான் வரும், பலமானவர் கீழே நிற்கட்டும்.

பழைய மெத்தையை வெளியே வைக்கும் முன் கவுன்சிலில் பதிவு செய்து நாள் வாங்க வேண்டும். முன்கூட்டியே நடைபாதையில் வைத்தால் அபராதம் அந்த முதியவருக்குத்தான் வரும். பழைய சோபாவைக் கிழித்துப் பிரிக்காதீர்கள். அதன் நுரையிலும் துணியிலும் தீத்தடுப்பு ரசாயனம் இருக்கலாம் என்பதால் 2023 முதல் இங்கிலாந்தில் அதைத் தனியாகச் சேகரித்து எரிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது.

காஸ், மின்கம்பி, மருந்து, வங்கி அட்டை, இந்த நாலையும் கேட்டாலும் செய்யக் கூடாது. பல்ப் மாற்றலாம், சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, ஒருவர் ஏணியைப் பிடிக்க.

தோட்டத்தில் இறங்கும் முன் வீட்டுக்காரரோடு ஒரு சுற்று நடந்து, வெட்டக் கூடாத செடிக்கெல்லாம் கம்பளி நூல் கட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும் ரோஜாவும் களையும் புதிதாக வருபவர்களுக்கு ஒன்றுதான். நம் அம்மாக்கள் வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு இதை அவசியம் செய்யுங்கள். ஜன்னலோரம் வைத்திருந்தாலும் குளிரில் இலை முழுக்க உதிரும், பட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீரை மட்டும் குறைத்துவிட்டால் வசந்தத்தில் துளிர்க்கும். செருப்பைக் கழற்றச் சொல்லும் வீடுகளில் சேற்றுச் சப்பாத்தோடு அலுமாரி தூக்க முடியாது, வெறுங்காலோடும் தூக்கக் கூடாது. சப்பாத்துக்கு மேல் மாட்டும் உறை இரண்டு சோடி பையில் இருக்கட்டும்.

டூட்டிங் நர்ஸ்:

உடற்பயிற்சிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் பிரித்தானியத் தலைமை மருத்துவ அதிகாரிகள் வெளியிட்ட வழிகாட்டலில் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை. ஓட்டம் அந்த நிமிடக் கணக்குக்கும், மண் அள்ளுவது தசைக் கணக்குக்கும் சேரும். உட்கார்ந்து களை பிடுங்குவதைத் தசைப் பயிற்சி என்று எண்ண வேண்டாம், அன்றைக்குச் சுமையும் ஏதாவது தூக்குங்கள்.

முதுகு பிடிப்பது பெரும்பாலும் தூக்கும்போது இல்லை, சவளோடு இடுப்பைத் திருப்பும்போதுதான். கொட்டும் பக்கம் காலை எடுத்து வைத்து முழு உடம்பும் திரும்ப வேண்டும். எல்லோரும் ஒரே கையை முன்னால் வைத்தே அள்ளுவார்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேலையையும் கையையும் மாற்றச் சொல்லிக் குரல் கொடுக்க ஒருவர் வேண்டும். குனிந்து வேலை செய்த பின் தொடையின் பின்தசை இறுகியிருக்கும், திரும்பும்போது முதல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு ஓடுங்கள்.

இல்ஃபோர்ட் கொத்தமல்லி:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று விட்டுப்போனது. கடைசி ஐந்து நிமிடம் கருவிகளுக்கு. மண்ணைச் சுரண்டி, துடைத்து, வந்தபோது எண்ணிய எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். புல்லுக்குள் கிடக்கும் ஒரு மண் கிளறும் சிறு கரண்டி அடுத்த வாரம் புல்வெட்டும் எந்திரத்தின் அலகில்தான் அகப்படும். கைப்பிடியில் பளிச்சென்ற சிவப்பு டேப் சுற்றிவைத்தால் தலைவிளக்கிலும் தெரியும்.